லொறியின் வலுவும் தானியங்கிக் கியர்ப்பெட்டியும்

மட்டக்களப்பிலிருந்து வடக்கே திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையே அமைந்துள்ள ஊர் மாங்கேணி. கிழக்கே கடல், அருகே களப்பு, இடையே வயலும் மணற்றரையும் கொண்ட இவ்வூரின் மக்கள் கடற்றொழிலையும் வேளாண்மையையும் நம்பி வாழ்பவர்கள். முன்னாளில் இவ்வழியே திருகோணமலைக்குச் செல்ல விரும்பியோர் ஆற்று முகங்களிலே மிதவைப் பாதைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கிண்ணியாவில் 2009 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. இன்று மீனும் நெல்லும் ஏற்றிய லொறிகள் தடையின்றி வடக்கே போகின்றன. தெற்கேயும் மேற்கேயும் கொழும்புக்கும் கண்டிக்கும் போகின்றன.

பாரமும் தூரமும் கூடும்பொழுது லொறிச் சொந்தக்காரரின் மனத்தில் இயல்பாகவே ஓர் ஆசை எழுகின்றது. எஞ்சினின் வலுவைச் சற்றுக் கூட்டினால் நன்றாயிருக்குமே என்பதுதான் அது. டீசல் எஞ்சினைப் பொறுத்தவரையில் இவ்வாசை எளிதில் நிறைவேறக் கூடியதே. எரிபொருளைச் சிறிது கூடுதலாக ஊட்டி, அதனை எரிப்பதற்கு வேண்டிய காற்றையும் கூடுதலாகத் திணித்தால் வலு பெருகும். ஆனால் அவ்வலு சக்கரத்தைச் சென்றடையும் வழியில் நிற்கும் கியர்ப்பெட்டி அதனைத் தாங்குமா? இவ்வினாவைப் பலர் கேட்பதில்லை. குருவித் தலையில் பனங்காயை வைத்தால் குற்றம் பனங்காயினுடையதும் அன்று, குருவியினுடையதும் அன்று, வைத்தவருடையதே.

கையால் கியர் மாற்றும் லொறியிலே எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைப்பது கிளச்சுத் தட்டு. தானியங்கிக் கியர்ப்பெட்டியில் அந்த வேலையை எண்ணெய் செய்கின்றது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மாத்திரம் சுழலவிட்டால், அதிலிருந்து வரும் காற்று மற்றதையும் சுழற்றும் அல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெயைக் கொண்டு இதனைச் செய்வதே தத்துவம். எஞ்சினோடு சுழலும் சக்கரம் எண்ணெயை வீச, எதிரேயுள்ள சக்கரம் அதனை வாங்கிச் சுழல்கின்றது. இவற்றுக்கு நடுவே நிற்கும் மூன்றாவது சக்கரம், திரும்பி வரும் எண்ணெயைத் திசைமாற்றி அனுப்புவதனால், லொறி புறப்படும் வேளையில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகின்றது. முறுக்குவிசை மாற்றி எனப்படும் இக்கருவிக்கு ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்மன் ஃபோட்டிங்கர் 1905 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். கப்பலின் சுழலியையும் உந்துவிசிறியையும் இணைப்பதற்காகவே அவர் இதனை வகுத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நீரிலே பிறந்த கருவி பின்னரே நிலத்துக்கு வந்தது.

முறுக்குவிசை மாற்றிக்கு அப்பால் கோட் பற்சக்கரத் தொகுதி இருக்கின்றது. நடுவே சூரியன் போல் ஒரு பற்சக்கரம், அதனைச் சுற்றிக் கோள்கள் போற் சில சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரு வளையம். இவற்றுள் ஒன்றை அசையாமற் பிடித்தும் வேறொன்றைச் சுழலவிட்டும் வெவ்வேறு வேகங்கள் பெறப்படுகின்றன. பிடிக்கும் பணியைச் செய்வன உராய்வுத் தட்டுக்களும், உருளையைச் சுற்றி இறுக்கும் பட்டிகளும். அவற்றை இறுக்குவது எண்ணெயின் அழுத்தம். எந்த நேரத்தில் எந்தத் தட்டை இறுக்க வேண்டும் என்று எண்ணெயைப் பங்கிட்டு அனுப்புவது வால்வுத் தொகுதி. வயல்களுக்கு வாய்க்கால் வழியே முறைவைத்து நீர் பாய்ச்சும் வட்டை விதானையாரின் வேலை போன்றது இது.

இனி, இப்பெட்டி அஞ்சுவது எதற்கு? குதிரைவலுவுக்கு அன்று, முறுக்குவிசைக்கே. 160 குதிரைவலுவை நிமிடத்துக்கு 5,000 சுழற்சியிலே தரும் பெற்றோல் எஞ்சினின் முறுக்குவிசை அவ்வேகத்தில் 168 அடி-இறாத்தல். அதே 160 குதிரைவலுவை 2,500 சுழற்சியிலே தரும் டீசல் எஞ்சினின் முறுக்குவிசையோ 336 அடி-இறாத்தல். வலு ஒன்றாயிருப்பினும், மெல்லச் சுழலும் எஞ்சின் இரு மடங்கு முறுக்குகின்றது. எனவே, டீசல் எஞ்சினின் வலுவைக் கூட்டுவோர் கியர்ப்பெட்டியைப் பற்றி இரு மடங்கு சிந்திக்க வேண்டும்.

உற்பத்தியாளரே இதற்குச் சான்று பகர்கின்றனர். அமெரிக்காவின் டொட்ஜ் ராம் வகை லொறிகளில் 2001 ஆம் ஆண்டிலே கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லீற்றர் டீசல் எஞ்சின் இரு வகையாக அமைந்திருந்தது. ஆறு கியர்களைக் கையால் மாற்றும் பெட்டியோடு வந்த எஞ்சின் 245 குதிரைவலுவும் 505 அடி-இறாத்தல் முறுக்குவிசையும் தந்தது. தானியங்கிப் பெட்டியோடு வந்ததற்கு 235 குதிரைவலுவும் 460 அடி-இறாத்தலுமே அளிக்கப்பட்டன. கூடுதலாகத் தரும் ஆற்றல் எஞ்சினிடம் இருந்தது. ஏற்கும் பெட்டியின் அளவறிந்தே அது மட்டுப்படுத்தப்பட்டது. ஆக்கியோர் அறிந்து வைத்த எல்லையைக் கராஜ் ஒன்றிலே அரைமணி நேரத்தில் தாண்டிவிடலாம். தாண்டிய பின் வருவதைத்தான் எளிதிலே திருத்த இயலாது.

வருவது என்ன? தட்டுக்கள் வழுக்கத் தொடங்கும். வழுக்கல் வெப்பத்தைப் பிறப்பிக்கும். வெப்பம் எண்ணெயைக் கெடுக்கும். கெட்ட எண்ணெய் தட்டுக்களை மேலும் வழுக்கச் செய்யும். பாரத்தோடு ஓடும்பொழுது ஏறத்தாழ 80 முதல் 95 பாகை செல்சியசுக்குள் எண்ணெயின் வெப்பநிலை நிற்பது நன்று. அதற்கு மேலே பத்துப் பத்துப் பாகையாக ஏறும்தோறும் எண்ணெயின் ஆயுள் பாதி பாதியாகக் குறையும் என்பது தொழில் அறிந்தோர் கைக்கொள்ளும் கணக்கு. மாங்கேணி மண் மேடற்றது. ஆயினும் கரைவலைத் துறையின் மணலிலே பாரத்தோடு ஊர்வது, முறுக்குவிசை மாற்றிக்கு மலையேறுவதை ஒத்ததே. கண்டிக்கும் கடுகண்ணாவைக்கும் போனால் உண்மையான ஏற்றமும் வந்து சேரும்.

பெட்டியை வலுப்படுத்தும் வழிகள் பல. அவை ஒன்றையொன்று சார்ந்தவை. முதலாவது, முறுக்குவிசை மாற்றி. லொறி சீரான வேகத்தை அடைந்ததும் எண்ணெயின் வழுக்கலைத் தவிர்த்து இரு பக்கங்களையும் பூட்டுவதற்கு அதனுள்ளே ஒரு பூட்டுத் தட்டு உண்டு. கூடிய முறுக்குவிசைக்கு ஒரு தட்டுப் போதாது. மூன்று தட்டுக்கள் கொண்ட பூட்டும், அழுத்தத்தினால் உப்பாத கனத்த உருக்கு மூடியும் பொருத்துவர். டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே தன் முழு முறுக்குவிசையைத் தருவதனால், நடுச்சக்கரத்தின் அலகுகளையும் அதற்கு இசைந்த கோணத்தில் அமைப்பர்.

இரண்டாவது, தட்டுக்களும் அழுத்தமும். ஒரு தொகுதியில் நான்கு உராய்வுத் தட்டுக்கள் இருப்பின் பிடிக்கும் முகங்கள் எட்டு. ஐந்தாவது தட்டுக்கு இடங்கண்டால் முகங்கள் பத்து. பிடி கால்பங்கு கூடும். அத்துடன் வால்வுத் தொகுதியைத் திருத்தி எண்ணெய் அழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்தினால், இரண்டும் சேர்ந்து பிடியை ஒன்றரை மடங்காக்கும். ஆனால் அழுத்தத்தை மட்டும் வரம்பின்றி ஏற்றினால் அடைப்பு வளையங்கள் கசியும். கியர் விழும்போது லொறி குலுங்கும். பட்டியைத் தாங்கும் நெம்பும் முளையும் முறியக் கூடும். ஆகவே அவையும் கனத்தவையாக மாற்றப்பட வேண்டும்.

மூன்றாவது, உள்வாங்கு தண்டு. 460 அடி-இறாத்தல் முறுக்குவிசை, புறப்படும் வேளையில் இரு மடங்காகி 900க்கும் மேற்பட்டதாய் இத்தண்டின் மீதே விழுகின்றது. எஞ்சின் வலுவைக் கூட்டினால் தண்டின் சுமையும் அதே விகிதத்தில் இரட்டித்து ஏறும். உயர்ந்த கலப்புருக்கினாற் செய்த தண்டை இடுவது இதனாலேதான்.

நான்காவது, குளிர்ச்சி. பெரிய எண்ணெய்க் குளிர்விப்பான், ஆழமான எண்ணெய்த் தட்டு, சாரதியின் கண்ணுக்கு எதிரே ஒரு வெப்பமானி ஆகிய மூன்றும் ஏனையவற்றோடு ஒப்பிடுகையிற் செலவு குறைந்தவை, பயன் மிகுந்தவை. உண்மையில் எஞ்சினைத் தொடாதவர்க்கும் இவை நன்மை தருவன.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கிளச்சு மிதி இல்லாத லொறிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. ஜப்பானிய மிற்சுபிசி ஃபியூசோ நிறுவனம் 2010 ஆம் ஆண்டிலே தனது கன்ரர் லொறியில் அறிமுகப்படுத்திய பெட்டி, இரட்டைக் கிளச்சுக் கொண்டது. அதில் முறுக்குவிசை மாற்றி இல்லை. வேறு சில லொறிகளிலோ கையால் மாற்றும் பெட்டியையே மின்கருவி இயக்குகின்றது. மேலே கூறிய முறைகள் இவற்றுக்குப் பொருந்தா. தன் வாகனத்தின் பெட்டி எது என்பதை முதலில் அறிந்துகொள்ளாமல், பொருள் வாங்கப் புறப்படுவது கண்ணை மூடிக்கொண்டு துரும்பு தேடுவதாகும்.

இத்தனையும் செய்த பின்னரும் பயணம் முடியவில்லை. கியர்ப்பெட்டிக்கு அப்பால் நெடுந்தண்டு உண்டு, பின்னச்சுப் பற்சக்கரங்கள் உண்டு, அச்சு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தடுப்புக் கருவி உண்டு. எஞ்சின் எவ்வளவு இழுக்க வல்லதாயினும், தடுப்பு நிறுத்த வல்ல அளவுக்கு மேல் ஏற்றும் ஒவ்வோர் இறாத்தலும், தெருவிலே நடந்து செல்லும் பள்ளிப் பிள்ளையின் உயிரோடு ஆடும் விளையாட்டு. சட்டம் விதித்த பாரத்தின் எல்லை, வலுக் கூடியதனால் மாறிவிடுவதில்லை.

ஆகையால் வரிசையே இங்கு அறிவு. முதலிலே வெப்பமானியைப் பொருத்திச் சில வாரங்கள் பார்க்க வேண்டும். அடுத்துக் குளிர்ச்சி. அதன் பின் முறுக்குவிசை மாற்றி, வால்வுத் தொகுதி, தட்டுக்கள், தண்டு. கடைசியிலேயே எஞ்சின். மாரி காலத்துக்கு முன்னே அணைக்கட்டையும் துருசையும் பலப்படுத்திவிட்டு வெள்ளத்தை எதிர்பார்ப்பவனே விவசாயி. வெள்ளம் வந்த பின் மண் சுமப்பவனுக்கு வயலும் மிஞ்சாது. எஞ்சினை முதலிற் கூட்டியவர் பெறுவது சில நாள் மகிழ்ச்சி. பின்னர் ஆளரவமற்ற தெருவோரத்தில் லொறி நிற்க, பெட்டியிலுள்ள பனிக்கட்டி உருக, பல குடும்பங்களின் ஓரிரவு உழைப்பு வெயிலிலே கெட்டுப்போகும். பெட்டியை முதலில் வலுப்படுத்தியவரின் லொறி சற்று மெதுவாகவே ஏறினாலும் சந்தையைச் சென்றடையும்.