உழைப்பு நின்றவிடத்து ஊதியம்

தச்சன் ஒருவனுக்கு உளியும் வாளும் கருவிகள். அவனது மெய்யான முதல் அவன் கையே. வீட்டுக்கும் கடைக்கும் காப்புறுதி செய்வோர், அவற்றைத் தேடித்தந்த உழைப்பாற்றலுக்குக் காவல் செய்ய மறந்துவிடுகின்றனர். ஆயுட் காப்புறுதி, உழைப்பவன் இறந்தபின் குடும்பத்துக்கு உதவுவது. அவன் உயிரோடிருந்தும் உழைக்க இயலாதவனானால், வருவாய் நின்றுவிட, மருந்துச் செலவோ மிகுகின்றது. இக்குறையை நீக்க எழுந்ததே அங்கவீனக் காப்புறுதி.

ஜேர்மனியில், பிஸ்மார்க் ஆட்சி நடத்திய காலத்தில், 1884ஆம் ஆண்டில் விபத்துக் காப்புறுதியும், 1889ஆம் ஆண்டில் முதுமை, இயலாமைக் காப்புறுதியும் சட்டமாயின. பலர் செலுத்தும் சிறு தொகைகள் பொதுநிதியாகி, அவருள் இடருற்ற சிலரைத் தாங்கும் என்பதே அவற்றின் அடிப்படை.

இக்காப்புறுதி இழந்த ஊதியம் முழுவதையும் தருவதன்று. ஒரு பகுதியையே தரும். மாதம் 60,000 ரூபா உழைத்தவர் நூற்றுக்கு 60 வீதம் பெற ஒப்பந்தம் செய்திருப்பின், அவருக்கு மாதந்தோறும் 36,000 ரூபா கிடைக்கும். முழுத் தொகையும் கிடைப்பின், மீண்டும் தொழிலுக்குச் செல்லும் ஊக்கம் குன்றும் என்பர். நோயுற்ற நாளிலிருந்தே பணம் வருவதும் இல்லை. 30 நாளோ 90 நாளோ காத்திருத்தல் வேண்டும். காத்திருக்கும் காலம் நீள, செலுத்தும் கட்டணம் குறையும்.

எது இயலாமை என்பதே தலையாய வினா. விரல்களை இழந்த தச்சன் கடையொன்றில் காவலிருக்க வல்லவன். 'தன் தொழிலைச் செய்ய இயலாமை' என்று பத்திரம் கூறின் அவனுக்குப் பணம் உண்டு. 'எத்தொழிலையும் செய்ய இயலாமை' என்று கூறின் அது மறுக்கப்படலாம். ஒரு சொல்லின் வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் உணவு தங்கியிருக்கின்றது.

இலங்கையில், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது நேரும் விபத்துக்குத் தொழில்கொள்வோரைப் பொறுப்பாக்கியது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியிலிருந்தும், நிரந்தரமாக இயலாதவராயினோர் தம் சேமிப்பை மீளப்பெறலாம். ஆயினும் அச்சேமிப்பு ஒருமுறை எடுத்தால் தீர்வது; மாதந்தோறும் ஊறும் கிணறன்று. தாமே தொழில் செய்யும் தச்சனுக்கோ, நட்டஈடு கேட்கத் தொழில்கொள்வோர் எவருமிலர்.

ஆகவே, காப்புறுதி செய்ய விழைவோர் கையொப்பமிடுமுன் மூன்றை வினவுதல் நன்று: எந்நிலை இயலாமை எனப்படும்? எத்தனை நாள் காத்திருத்தல் வேண்டும்? எத்தனை ஆண்டுகள் பணம் வரும்? இவற்றுக்கு விடை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்; முகவரின் வாய்மொழி போதாது.