மலையூர் வயிறும் கடற்கரை வயிறும்

கொலம்பியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது நரினியோ மாநிலம். அங்கே ஆண்டிஸ் மலைமேல், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் டூகெரெஸ் என்ற ஊர். பசிபிக் கரையில் டுமாகோ என்ற துறைமுகம். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். இரு பகுதியிலும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வயிற்றில் ஹெலிகோபேக்டர் பைலோரி குடியிருக்கிறது. புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் அறிவித்த பாக்டீரியா அது. ஆனால் மலையில் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 150 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வருகிறது; கரையிலோ 6 பேருக்குத்தான்.

இந்த 25 மடங்கு வித்தியாசத்தோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் பெலயோ கொரேயா, கொலம்பியாவில் பிறந்த நோயியல் மருத்துவர். கிருமி அடையாளம் காணப்படுவதற்கு முன்பே, 1975இல், இரைப்பைப் புற்று எப்படிப் படிப்படியாக உருவாகிறது என்று அவர் எழுதிவிட்டார். முதலில் உட்சுவரில் அழற்சி. அது ஆறாமல் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சுரப்பிகள் தேய்ந்துபோகும். தேய்ந்த இடத்தில் குடலில் இருக்க வேண்டிய வகைச் செல்கள் வந்து உட்காரும். பிறகு செல்களின் வடிவம் கெடும், கடைசியில் புற்று. இதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். பெரும்பாலோர் கடைசிப் படிவரை போவதே இல்லை.

மலைவாசிகளின் சாப்பாட்டில் உருளைக்கிழங்கும் உப்பும் அதிகம், பழம் குறைவு. கரைக்காரர்களுக்கு மீனும் பழமும் தாராளம். உப்பு தானாகப் புற்றை உண்டாக்குவதில்லை. இரைப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் கோழைப் படலத்தைக் கெடுக்கிறது, கிருமிக்கு வழி திறக்கிறது. அதோடு நிற்கவில்லை. ஆய்வகத்தில் உப்பைக் கூட்டி வளர்த்தபோது, சில பைலோரி வகைகள் காக்-ஏ என்ற புரதத்தை அதிகம் உற்பத்தி செய்தன. நம் செல்லுக்குள் ஊசி போடுவதுபோல் அந்தக் கிருமி செலுத்தும் புரதம் அது; அழற்சியையும் புற்று அபாயத்தையும் கூட்டுவது.

அழற்சி என்பது நம் உடல் நடத்தும் சண்டைதான். கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. கிருமி பிழைத்துக்கொள்கிறது, பக்கத்துச் செல்களின் டி.என்.ஏ. அடிபடுகிறது. சுரப்பிகள் தேய்ந்து அமிலம் குறைந்ததும் வேறு பாக்டீரியாக்கள் பெருகி, உணவிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்து புற்றைத் தூண்டும் நைட்ரோசோ சேர்மங்கள் உருவாகின்றன. இதைத் தடுக்க வல்லது வைட்டமின் சி. இரைப்பைச் சாற்றில் அது இயல்பாகவே சுரக்கும். கொடுமை என்னவென்றால், அழற்சி வந்த வயிற்றில் அதுவும் குறைந்துவிடுகிறது.

கொரேயாவின் குழு நரினியோவிலேயே இதைச் சோதித்துப் பார்த்தது. புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இருந்த 852 பேருக்குக் கிருமிநீக்க மருந்து, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும், சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து 6 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2000இல் வெளியானது. மூன்றில் எதைக் கொடுத்தாலும் மாற்றங்கள் பின்வாங்கும் வாய்ப்பு கூடியது. சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் லாபம் இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரைக் கடைக்கு ஓட வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் அதிகமானது. பழமாகச் சாப்பிடுவதுதான் நல்லது.

எல்லாப் பழியையும் சாப்பாட்டின் மேல் போடவும் முடியாது. கரையோரக் குழந்தைகளுக்குக் குடற்புழு அதிகம். புழு இருக்கும் உடலில் எதிர்ப்பாற்றல் வேறு பக்கம் திரும்பி அழற்சியின் மூர்க்கம் தணிகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புழுவுக்கும் ஒரு நற்சான்று! 2014இல் வந்த இன்னொரு ஆய்வு பூர்வீகத்தைப் பார்த்தது. கரையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்களும் அவர்கள் வயிற்றிலுள்ள ஆப்பிரிக்க மரபுக் கிருமியும் நெடுங்காலமாகப் பழகியவர்கள். மலையில் அமெரிக்கப் பழங்குடி மரபினர் அதிகம். அவர்கள் வயிற்றில் அதே ஆப்பிரிக்க மரபு கலந்த கிருமி புகுந்தபோது சேதம் கடுமையாக இருந்தது.

பூர்வீகத்தை யாரும் மாற்ற முடியாது. உப்பைக் குறைக்கலாம், கிருமியை மருந்தால் நீக்கலாம். அதுவும் சுரப்பிகள் தேயும் முன்பே செய்தால் பலன் அதிகம். உப்பிட்ட மீனும் ஊறுகாயும் நிறையச் சாப்பிடும் ஜப்பான், புண்ணோ புற்றோ வரட்டும் என்று காத்திராமல், கிருமியால் வந்த நாள்பட்ட இரைப்பை அழற்சிக்கே கிருமிநீக்கச் சிகிச்சையை 2013 முதல் அரசுக் காப்பீட்டில் சேர்த்துவிட்டது.