மரப்பெட்டியும் மலைப்பாம்பும்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் வழியில், இயந்திர உறுப்புகள் வந்திறங்கும் மரப்பெட்டிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். உள்ளிருக்கும் பொருளைக் காப்பதே அவற்றின் பணி. மலைப்பாம்பை வைக்கும் பெட்டிக்கோ பணி இரண்டு: பாம்பையும் காக்க வேண்டும், அது வெளியேறாமல் ஊரையும் காக்க வேண்டும். அத்தகைய பெட்டியை அமைக்கும் முறையைக் கூற விழைகிறேன்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதனை வீட்டில் வளர்த்தல் குற்றம். அயல்நாட்டு மலைப்பாம்பையும் அரசிடம் பதிவு செய்தே வைத்திருத்தல் வேண்டும்.

பாம்பு புறவெப்பத்தை நம்பி வாழ்வது. ஆதலின் பெட்டியின் ஒரு முனை வெதுவெதுப்பாகவும், மறுமுனை குளிர்ச்சியாகவும் இருத்தல் வேண்டும். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாதாகையால் இதற்கு ஏற்றது. ஆனால் மரத்திற்குப் பகை ஈரம். பாம்பு தோலுரிக்க ஈரக்காற்று தேவை. தண்ணீர்த் தொட்டியும் கவிழக்கூடும். ஈரம் ஊறினால் ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரியும்; பூஞ்சையும் படரும்.

ஆகவே, பலகைகளைப் பசையாலும் திருகாணியாலும் இணைத்தபின், உட்புறம் முழுவதும் நீர் புகாத வார்னிஷைப் பல முறை பூசுதல் வேண்டும். பலகையின் வெட்டுமுனைகளே நீரை மிகுதியாக உறிஞ்சுமாதலால் அவற்றை விட்டுவிடலாகாது. ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து அடுத்ததைப் பூசுக. மூலைகளை அடைக்கும் சிலிக்கோன் பசையின்மேல் வார்னிஷ் ஒட்டாது. எனவே அதனை இறுதியிலேயே இடுதல் முறை. நெடி அறவே நீங்கும்வரை பாம்பை உள்ளே விடலாகாது; அடைபட்ட உயிர் அந்த நெடியிலிருந்து எங்கே ஓடும்?

பக்கங்களில் காற்றுத் துளைகள் வைத்துக் கம்பிவலையிட்டு இறுக்குக. கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு இன்றியமையாதது. பாம்பு இடுக்கில் தலை நுழைத்து முழு வலிமையுடன் தள்ளும். பழைய சரக்குப் பெட்டியின் பலகையைக் கொள்வோர் அதன் முத்திரையை நோக்குக. ‘எச்.டி.’ என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ என்றிருந்தால் மெதில் புரோமைடு என்னும் நச்சுவாயு ஊட்டியது, அது வேண்டா.

இத்துணைக் கவனம் எதற்கு? அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்போரிடமிருந்து தப்பியும், அவர்களால் விடப்பட்டும் சதுப்புநிலம் புகுந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பெருகின. அவை நெடுங்காலம் வாழ்ந்த பகுதிகளில் ரக்கூன் என்னும் விலங்கு காணப்படுவது 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதென 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றைப் பிடிக்க 2017இல் அழைக்கப்பட்டவர்கள், நம் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஆவர். முதல் 8 நாட்களில் 13 பாம்புகளைப் பிடிக்க அவர்கள் துணைநின்றனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பெட்டியை முடித்தபின் இருட்டறையில் அதனுள் விளக்கேற்றிப் பாருங்கள். காற்றுத் துளையும் கண்ணாடியும் தவிர வேறெங்கேனும் ஒளிக்கீற்று தெரிந்தால், வேலை இன்னும் முடியவில்லை என்று கொள்க.