மருத்துவர் எட்டாத ஊர்களில் மருத்துவ அறிவு

நகரங்களில் வாழும் நமக்கு நோய் கண்டவிடத்து மருத்துவரை நாடுவது அரிய செயலன்று. ஆனால், மருத்துவமனையை அடைய ஒரு நாள் முழுவதும் நடக்க வேண்டியவர்கள் உலகில் இன்றும் உள்ளனர். அங்கே நோயாளியை முதலிற் பார்ப்பவர் பெரும்பாலும் குறுகிய காலப் பயிற்சி பெற்ற சுகாதாரத் தொண்டரோ ஒரு தாதியோதான். அவருக்கு ஐயம் எழும்போது யாரைக் கேட்பார்? இவ்வினாவுக்குக் கடந்த அரை நூற்றாண்டிற் கண்ட விடைகள் சிலவற்றை மாணவர்களும் பெற்றோரும் அறிந்துகொள்வது நன்று என எண்ணுகின்றோம்.

முதல் விடை ஒரு நூல். 1960களில் மெக்சிக்கோவின் மலைப்பகுதியில் உள்ள அஹோயா என்னும் சிற்றூரில் டேவிட் வேர்னர் என்பவர் பணியாற்றினார். இவர் மருத்துவர் அல்லர். உயிரியல் கற்ற ஆசிரியர். அவ்வூர் மக்களுக்காக அவர் ஸ்பானிய மொழியில் எழுதிய கைநூல் 1977இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பின்னர் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்றது. தமிழில் ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ என்ற பெயரில் க்ரியா பதிப்பகம் அதனை வெளியிட்டது. எளிய சொற்களும் படங்களும் நிறைந்த அந்நூல், எந்த நோயை வீட்டிலேயே கவனிக்கலாம் என்பதோடு, எப்போது தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் தெளிவாகக் கூறுகின்றது. இந்த இரண்டாவது பகுதியே அதன் உயிர்நாடி என்பது எமது கருத்து.

ஆயினும் அச்சிட்ட நூல் தானாகத் திருந்துவதில்லை. வயிற்றோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதாலேயே குழந்தைகள் இறக்கின்றனர். அதனை ஈடுசெய்யும் உப்பு–குளுக்கோசுக் கரைசலின் அளவுகளை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ் நிறுவனமும் 2002இல் மாற்றின. உப்பும் குளுக்கோசும் முன்னிலும் குறைக்கப்பட்டன. 2004இல், கரைசலுடன் 10 முதல் 14 நாட்கள் வரை துத்தநாக மாத்திரையும் கொடுக்குமாறு அவை பரிந்துரைத்தன. பழைய பதிப்பு ஒன்றையே வைத்திருக்கும் தொண்டர் இவ்விரண்டையும் அறிய வழியில்லை. புதிய செய்தி தொலைதூர ஊரை எவ்வாறு சென்றடைவது?

இதற்கு வானிலிருந்தும் ஒரு வழி காணப்பட்டது. அணுவாயுதப் போரை எதிர்த்து, 1985இல் நோபல் சமாதானப் பரிசைப் பெற்ற மருத்துவர் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான பேர்னாட் லவுன், சற்றெலைஃப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நாம் வாழும் இந்நாட்டின் சரே பல்கலைக்கழகம் உருவாக்கி, 1990 சனவரியில் ஏவப்பட்ட சிறிய செய்மதி ஒன்று அதற்கு உதவியது. அது ஏறத்தாழ 800 கிலோமீற்றர் உயரத்தில் உலகைச் சுமார் 100 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றியது. ஓர் ஊருக்கு மேலே வரும்போது அங்கிருந்து வரும் கேள்விகளை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். வேறோர் ஊருக்கு மேலே செல்லும்போது அவற்றை இறக்கிவிடும். வானத்துத் தபாற்காரன் என்று சொன்னாற் பிழையில்லை! ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே தொடர்பு கிடைக்கும். தொலைபேசிக் கம்பிகள் சரிவர இயங்காத சாம்பியா போன்ற ஆபிரிக்க நாடுகளின் மருத்துவர்கள், மருத்துவ இதழ்களின் சுருக்கங்களை இவ்வாறு பெற்றனர். இதற்கெனவே இரண்டாவது செய்மதி ஒன்று 1993இல் ஏவப்பட்டது.

இன்று அவ்வளவு உயரத்துக்குச் செல்லத் தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு கணனி ஒன்றில் விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளையும் பிற நூல்களையும் பதிவுசெய்து, கைத்தொலைபேசியின் மின்னேற்றியாலேயே இயக்கலாம். ‘பெட்டிக்குள் இணையம்’ எனப்படும் இக்கருவி, இணைய இணைப்பு எதுவுமின்றியே அருகிலுள்ள கைத்தொலைபேசிகளுக்குக் கம்பியில்லா முறையில் பக்கங்களை வழங்கும். டொமினிக்கன் குடியரசின் கிராமப்புறச் சிகிச்சை நிலையங்களில் இது பயன்பட்டுள்ளது. எனினும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகள் மருந்தின் அளவுகளைப் பொதுவாகக் குறிப்பிடுவதில்லை. நோய் எது என்று அறிவதற்குக் கலைக்களஞ்சியம் உதவும்; எவ்வளவு மருந்து கொடுப்பது என்பதற்குக் கைநூலே வேண்டும்.

வேறொரு வகைக் கருவி வாசிக்கத் தருவதோடு நில்லாது, வினாக்களைத் தொடுக்கின்றது. இருமலுடன் வந்த குழந்தையின் வயதைக் கேட்கும்; பின்னர் ஒரு முழு நிமிடம் மூச்சுக்களை எண்ணச் சொல்லும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையான குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் எனில் அது வேகமான மூச்சு. ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். நியூமோனியாவைக் கண்டறிய அங்கே எக்ஸ்ரே இல்லை. இந்த எண்ணிக்கையே உண்டு. குழந்தை அழும்போது எண்ணினாற் கணக்குத் தவறும் என்பதை எல்லாத் தாய்மாரும் அறிவர். புர்க்கினா பாசோ நாட்டின் சுகாதார நிலையங்களில் தாதியர் இத்தகைய வினாக்களைக் கைக்கணனியில் ஒவ்வொன்றாகக் கடந்து செல்கின்றனர். ஒரு படியைத் தாண்டிச் செல்லக் கருவி எளிதில் விடாது என்பதே அதன் பெரும் பயன்.

இவை யாவும் இருந்தும் மொழி புரியாவிடின் என் செய்வது? வீட்டிற் கரைசல் தயாரிக்கும் முறை ஆங்கிலத்தில் ஒரே வரிதான்: ஒரு லீற்றர் சுத்தமான நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. இதிலே ‘தலைதட்டிய’ என்னும் ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்டால், கரண்டியிற் குவியும் உப்பு அளவை மீறும். மிகை உப்பு, நீரிழந்த குழந்தைக்கு ஆபத்து. எனவேதான், மூலத்தைப் பாராத இன்னொருவரைக் கொண்டு மொழிபெயர்ப்பை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் மருத்துவ மொழிபெயர்ப்பில் உண்டு. அதன்பின் அவ்வூர்த் தாய் ஒருத்தியிடம் கொடுத்து, நீரையும் சீனியையும் உப்பையும் அவளைக்கொண்டே அளக்கச் செய்து பார்க்கின்றனர்.