கூண்டுக்குள் வரும் பகை

பருந்துக்கும் பூனைக்கும் அஞ்சிக் கோழிக்குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கிறோம். இருந்தும் விடிந்தால் ஒன்றிரண்டு குறைகின்றனவே? பெருச்சாளியை ஐயுறுங்கள். பஞ்சாரத்துக்கு அடித்தளம் கிடையாது; சிறு வளை தோண்டினால் போதும். பகலில் காகத்தையே விரட்டும் தாய்க்கோழிக்கு இருளில் கண் சரியாகத் தெரியாது.

கம்பிவலைக் கூண்டானால் வலைக்கண்ணின் அளவைப் பாருங்கள். எலியினத்தின் உடல் நெளிந்து நசுங்கும், மண்டையோடு நசுங்காது. எனவே தலை நுழையும் துளையில் பெரும்பாலும் உடலும் நுழைந்துவிடும். அறுகோணக் கண் வலை கோழி வெளியேறாதிருக்கச் செய்யப்பட்டது, அவ்வளவுதான்! 12 மில்லிமீட்டர் சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த வலையே ஏற்றது.

வலையைத் தரைமட்டத்தோடு நிறுத்தாமல், வெளிப்புறமாக ஓரடி மடித்து மண்ணால் மூடுங்கள். கூண்டின் ஓரத்தில் தோண்ட வரும் பெருச்சாளியின் காலடியிலேயே வலை இருக்கும்.