வளியமுக்கியின் பயனும் பாதுகாப்பும்

பெரும்போகத்திற்கு நிலம் பண்படுத்தும் நாட்களிலே உழவு இயந்திரத்தின் சில்லில் காற்று இறங்குமாயின் அன்றைய வேலை முழுவதும் தடைப்படும். திருத்துமிடம் தொலைவிலுள்ள ஊர்களில் கமக்காரர் சிலர் தனித்தோ அயலவருடன் கூடியோ சிறிய வளியமுக்கியொன்றை வாங்கி வைத்திருக்கின்றனர். பேச்சு வழக்கில் ‘கொம்பிறசர்’ எனப்படும் இக்கருவி சில்லுகளுக்குக் காற்றூட்டவும், இயந்திரத்தின் றேடியேற்றரில் அடைந்த பதரையும் தூசையும் ஊதி நீக்கவும், தெளிகருவியின் முனைகளைத் துப்புரவாக்கவும் உதவுகின்றது.

எனினும் இதனை மண்வெட்டியையும் கலப்பையையும் போன்றதெனக் கருதுதல் தவறாகும். மண்வெட்டி கையை விட்டவுடன் ஓய்ந்துவிடும். வளியமுக்கியோ மோட்டாரை நிறுத்திய பின்னரும் தன் வலிமையைத் தாங்கியினுள் அடக்கி வைத்திருக்கும். இவ்வேறுபாட்டை உணராமையே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணமாகும்.

அடக்கிய காற்றின் வலிமை

வெப்பநிலை மாறாதிருக்கக் காற்றைப் பாதியளவாக ஒடுக்கினால் அதன் அமுக்கம் இருமடங்காகும். இவ்விதியை றொபேட் போயில் என்னும் அறிஞர் 1662 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று கமக்காரர் வாங்கும் சிறு வளியமுக்கிகளுட் பல, சதுர அங்குலத்திற்கு 100 இறாத்தலும் அதற்கு மேலுமான அமுக்கத்தில் காற்றைச் சேமிப்பன. 12 அங்குல விட்டமுள்ள தாங்கியின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 113 சதுர அங்குலமாகும். ஆகவே 100 இறாத்தல் அமுக்கத்தில், தாங்கியின் முனைத் தகட்டை உள்ளிருந்து தள்ளும் விசை ஏறக்குறைய 11,300 இறாத்தலாகும். 50 கிலோகிராம் உர மூடைகள் நூற்றினை அத்தகட்டின்மீது ஏற்றியதற்கு இது ஒப்பானது. தகடு உறுதியாக இருக்கும்வரை இச்சுமை புலப்படாது. தகடு நலிந்துவிட்டாலோ, தாங்கி வெடித்து அருகில் நிற்போரின் உயிரையும் போக்கும்.

தாங்கியினடியில் தங்கும் நீர்

தகட்டை நலியச் செய்வது துரு. துருவை விளைவிப்பது நீர். காற்றில் எப்பொழுதும் ஈரம் உண்டு. ஈரத்துணியைப் பிழியுங்கால் நீர் சொட்டுவது போலவே, ஒடுக்கப்பட்ட காற்று தாங்கியினுட் குளிருங்கால் அதிலுள்ள ஈரம் நீராகி அடியில் தங்குகின்றது. மழைக்காலத்தில் இது மிகுதி. வெளியே வர்ணம் பூசிப் பளபளப்பாகத் தோன்றும் தாங்கி, உள்ளே அடித்தகடு அரிக்கப்பட்டு மெலிந்திருத்தல் கூடும்.

ஆதலின், வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் நீரை வடித்தல் இன்றியமையாதது. முதலில் மின்தொடர்பைத் துண்டித்து, தாங்கியிலுள்ள காற்றின் பெரும்பகுதியை வெளியேற்றுதல் வேண்டும். சிறிதளவு அமுக்கம் எஞ்சியிருக்கையில் அடியிலுள்ள வடிதிருகினை மெல்லத் திறந்தால் நீர் வெளிவரும். அது முற்றாக வடிந்த பின்னரும் திருகினை இரவு முழுவதும் திறந்தே வைத்தல் நன்று. வடியும் நீர் செந்நிறமாகித் துருச் செதில்கள் காணப்படின், அத்தாங்கியை மேலும் பயன்படுத்தாது தகுதி வாய்ந்தவரிடம் காட்டிச் சோதித்தல் வேண்டும். அவர் தாங்கியை நீரால் நிரப்பி அமுக்கிப் பார்ப்பார். நீர் பெரிதும் ஒடுங்காத இயல்பினதாதலால், சோதனையின்போது தகடு பிளந்தாலும் காற்றைப் போல வெடித்துச் சிதறாது.

ஊசித்துளை அளவான கசிவு தோன்றினும் தாங்கியின் ஆயுள் முடிந்ததெனக் கொள்ளல் வேண்டும். அதனை உருக்கி ஒட்டிச் சீர்ப்படுத்த முயலலாகாது. ஒரு துளை தோன்றுமிடத்து அதனைச் சூழ்ந்த தகடும் மெலிந்தே இருக்கும். புதிய தாங்கியின் விலை பெரிதாகத் தோன்றலாம். உயிரின் விலை அதனிலும் பெரிது.

காப்பு வால்வு

குறித்த அமுக்கம் அடைந்ததும் மோட்டாரை நிறுத்துவது அமுக்க ஆளியாகும். ஆளி பழுதுற்றால் மேலதிகக் காற்றை வெளியேற்றித் தாங்கியைக் காப்பது காப்பு வால்வு. அதன் வளையத்தை மாதம் ஒருமுறை, கண்ணாடி அணிந்து, முகத்தை அப்பால் வைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தல் வேண்டும். காற்றுச் சீறி வெளிவந்து, விட்டவுடன் அடைபடுமாயின் வால்வு நன்னிலையில் உள்ளது. காற்றுக் கசிகின்றதென்று அதனை இறுக்குதலும், அடைத்தலும், அதனிடத்தில் வெறுந்திருகினைப் பொருத்துதலும் ஒருபோதும் செய்யத் தகாதவை.

கையாளும் முறை

உழவு இயந்திரத்தின் ரயர்களுக்கு லொறி ரயர்களிலும் மிகக் குறைந்த அமுக்கமே போதுமானது. தயாரித்தவர் குறித்த அளவை அமுக்கமானியால் அளந்தே காற்றூட்டல் வேண்டும். புதிதாக மாட்டிய ரயரின் விளிம்பு வளையத்திற் பொருந்தாவிடின், மேலும் மேலும் காற்றூட்டலாகாது. உழவு இயந்திர ரயர்கள் பலவற்றில் இதற்கான எல்லை 35 இறாத்தல் எனப் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெல்லையை மீறாது காற்றை இறக்கி, விளிம்பிற்குச் சவர்க்கார நீர் பூசி மீண்டும் முயலுதல் தக்கது. காற்றூட்டும்போது சில்லின் முன்னே குனிந்து நிற்காது, நீண்ட குழாயைப் பயன்படுத்திப் பக்கத்தே விலகி நிற்றல் வேண்டும்.

தூசு ஊதுகையில் அமுக்கத்தை 30 இறாத்தலுக்கு மேற்படாமற் குறைத்துக்கொள்ளல் வேண்டும். ஊதுபவர் மட்டுமன்றி அருகில் நிற்பவரும் கண்ணாடி அணிதல் அவசியம். உடலிலும் உடையிலும் படிந்த தூசை இக்காற்றினால் ஊதும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். தோலிலுள்ள சிறு காயத்தினூடாகக் காற்று உட்புகின் குருதியிற் கலந்து உயிருக்கு ஆபத்தாகும். சிறுவர் விளையாட்டாக ஒருவர்மீதொருவர் ஊதுவதற்கும் இடங்கொடுத்தலாகாது.

தெளிகருவியின் அடைபட்ட முனையை வாயால் ஊதுவது நஞ்சை உட்கொள்வதற்கு வழியாகும். முனையைக் கழற்றி நீரில் நன்கு கழுவிய பின், கையுறை அணிந்து, ஆளில்லாத பக்கம் நோக்கிப் பிடித்து மெல்லிய அமுக்கத்தில் ஊதலாம். ஆயின் தெளிகருவியின் தாங்கியுடன் வளியமுக்கியை இணைத்துக் காற்றேற்றலாகாது. கைப்பம்பின் அமுக்கத்திற்கென அமைந்த அத்தாங்கி வெடிப்பின், உள்ளிருக்கும் நஞ்சு உடலெங்கும் தெறிக்கும்.

பெற்றோலால் இயங்கும் வளியமுக்கியை மூடிய கொட்டிலுள் இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்றது, கண்ணுக்கும் புலப்படாது, ஆளைக் கொல்லும். கிணற்றில் இறங்குவோருக்கு மூச்சுக் காற்று ஊட்டவும் இக்கருவி உகந்ததன்று. எண்ணெயாவியும் புகையும் அக்காற்றிற் கலந்திருத்தல் கூடும்.

ஒழுங்கான பராமரிப்பு

இயக்குமுன் எண்ணெய் மட்டத்தை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். தயாரித்தவர் கூறிய எண்ணெயையே ஊற்றுதல் வேண்டும். காற்றை உள்ளிழுக்கும் வடி, சூடடிக்கும் களத்திலும் உமி பறக்கும் இடத்திலும் விரைவில் அடைபடும். ஆகவே அதனை வாரந்தோறும் கழற்றித் துப்புரவாக்கல் நன்று. வார்ப்பட்டியின் மேலுள்ள காப்புக் கூட்டினை அகற்றி இயக்கலாகாது. வெடித்த இறப்பர்க் குழாயைக் கம்பியாற் கட்டிப் பயன்படுத்தாது, புதிதாக மாற்றல் வேண்டும். மின்மோட்டாருக்கு நிலத்தொடுப்புக் கம்பி கட்டாயமாக இருத்தல் வேண்டும். ஈர நிலத்தில் நின்று ஆளியைத் தொடலாகாது. எப்பகுதியையும் கழற்றுமுன், மின்தொடர்பு நீங்கியதையும் அமுக்கமானியின் முள் பூச்சியத்தில் நிற்பதையும் கண்ணாற் கண்டறிதல் வேண்டும்.

தொழிற்சாலைகளிலுள்ள காற்றுத் தாங்கிகளுக்கு 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விதிகளை வகுத்துள்ளது. கமக்காரரின் கொட்டிலுக்குப் பரிசோதகர் வருவது அரிது. அங்கே உடையவரே பரிசோதகர். உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பர் முன்னோர். அம்மொழி வளியமுக்கிக்கும் பொருந்தும். நாள்தோறும் சில நிமிடம் செலவிட்டு நீரை வடித்து, வால்வையும் குழாயையும் நோக்குபவருக்கு இக்கருவி பல போகங்களுக்குத் துணை நிற்கும்.