அம்பாசிடர் எஞ்சினும் மட்டாஞ்சேரித் தண்ணீரும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எஞ்சின் ஆயிலைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் காயல். இடையில் கிடக்கும் இந்தத் துண்டு நிலத்தில் கிணறு வெட்டினால் பெரும்பாலும் உவர் நீர்தான் ஊறும். ஆலுவாவிலிருந்து வள்ளத்தில் குடிநீர் வந்து இறங்கிய காலமும் இந்த ஊருக்கு உண்டு. மனிதர்கள் வாயில் வைக்காத கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டர்கள் மட்டும் வருஷக்கணக்கில் குடித்திருக்கின்றன.

வார்ப்பிரும்பு எஞ்சினுக்குள் உப்பு நீர் என்ன செய்யும் என்று பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்ட வட்டமாகத் தகட்டு மூடிகள் அடித்திருப்பார்கள். வெல்ஷ் பிளக் என்பது அதன் பெயர். நல்ல நிலையில் இருந்தால், தட்டும்போது இறுக்கமான சத்தம் வரும். துரு தின்றிருந்தால் முனையை வைத்து அழுத்தியதுமே உள்ளே இறங்கிவிடும். பின்னாலேயே செங்காவி நிறத்தில் சேறு வழியும். அந்தச் சேறு அதிகம் படிவது கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான். வாட்டர் பம்ப் முன்னால் இருக்கிறது. நாலாவது சிலிண்டர் பின்னால், ஓரத்தில். ஓட்டம் குறைந்த இடத்தில் வண்டல் தங்குகிறது. அங்கே சூடு ஏறி ஹெட் கேஸ்கட் போகும். புதுசு போடுவார்கள், கொஞ்ச நாளில் அதுவும் போகும். பழி கேஸ்கட் செய்தவர் தலையில் விழும்.

“மோனே, ரிங் வாங்கப் போறதுக்கு முன்னாடி தண்ணி போற வழியைப் பாரு” என்று ஒரு வயதான மெக்கானிக், வீட்டு போர்ச்சில் அம்பாசிடரைப் பிரித்துப் போட்டிருந்த இளைஞரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். அந்த இளைஞர் அவரை ‘இக்கா’ என்றுதான் கூப்பிட்டார். இக்காவின் கையில் இருந்தது வளைந்த சைக்கிள் கம்பி ஒன்று. அதை வைத்து பிளாக்கின் உள்ளறையைச் சுரண்டச் சுரண்ட, சிரட்டை சிரட்டையாகத் துரு வெளியே வந்தது. அந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி எந்தக் கடையிலும் கிடையாது.

வீட்டிலேயே பிரித்து மாட்டுவதற்கு அம்பாசிடர் தோதான வண்டி. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958-ல் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரித்த கார் இது. மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. இதில் நெடுங்காலம் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின், பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இதே அளவு எஞ்சினை இரண்டு கார்புரேட்டரோடு எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் வைத்திருந்தார்கள். பானெட்டைத் திறந்தால் ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம்போல இடம் கிடக்கும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஒரு ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், கொஞ்சம் பொறுமை இருந்தால் பாதி வேலை நம் கைக்குள் அடங்கும்.

எஞ்சினைத் திறக்கும் முன்பு கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் அழுத்தம் தெரியும். ஏதாவது ஒரு சிலிண்டரில் குறைவாக வந்தால், அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் கோளாறு வால்வில், அல்லது ஹெட் கேஸ்கட்டில். இந்த ஒரு ஸ்பூன் ஆயில் பல பேருக்கு போரிங் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது.

வால்வு என்றால் ஹெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து வீட்டிலேயே உட்கார வைக்கலாம். வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் கப் வைத்த கட்டையை அதன் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்துப்போல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். முதலில் சரசரவென்று கேட்கும். பேஸ்ட் அரைபட அரைபடச் சத்தம் அடங்கி, விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் விழும். வளையம் எங்கேயும் அறுபடாமல் இருந்தால் சரி. பிறகு போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார்கள். கசிந்தால் மறுபடி உருட்டு.

மாட்டிய பிறகு டேப்பட் இடைவெளி வைப்பதற்கு இந்த எஞ்சினில் ஓர் அழகான கணக்கு உண்டு. வால்வுகள் எட்டு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அட்ஜஸ்ட் செய்யலாம். ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவது. இப்படி எதை எடுத்தாலும் கூட்டுத்தொகை ஒன்பது வரவேண்டும். மேனுவல் தொலைந்து போனவர்களும் இந்த ஒன்பதை மறப்பதில்லை.

இந்த வேலையை எப்போது செய்வது என்பதில் கொச்சிக்காரர்களுக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் எஞ்சினைத் திறக்கமாட்டார்கள். காற்றில் அவ்வளவு ஈரமும் உப்பும். ஹோன் செய்த சிலிண்டர் சுவரை எண்ணெய் தடவாமல் ஒரு ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். போரிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் வீட்டில் நடக்காது, லேத்துக்குத்தான் போகவேண்டும். பழைய உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்காவிட்டால் கோவை உக்கடம், அங்கேயும் இல்லையென்றால் சென்னைப் புதுப்பேட்டை.

சரி, பழுது பார்த்தாயிற்று. அடுத்தது ‘அப்கிரேடு’. இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்குக் குதிரைத்திறன்தான் ஞாபகத்துக்கு வருகிறது. என் கணக்கில் முதல் அப்கிரேடு பெட்ரோல் போகும் பாதையில்தான் தொடங்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. இந்த எஞ்சினை வடிவமைத்த நாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் போய்விட்டது. ஊர் ஆரோக்கியத்துக்கு அது நல்லதுதான். வார்ப்பிரும்பிலேயே கடைந்த பழைய சீட்டுகளுக்கு மட்டும் கஷ்டம். வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் இறங்கும், டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஹெட் லேத்துக்குப் போகும்போதே உறுதியான சீட் இன்சர்ட் அடித்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அடுத்தது எத்தனால். 2025-ல் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ் இதில் ஊறி மெத்தென்று ஆகிறது, அல்லது வெடிக்கிறது. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் ஆபத்து வேறு மாதிரி. பம்ப், எஞ்சினின் பக்கவாட்டில் மாட்டியிருப்பதால் பெட்ரோல் நேராக ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போய் பேரிங் அடிவாங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்க்கும் பழக்கம் இதற்காகவே நல்லது. எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்ற வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து கிடக்கலாம். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ், புது டயாஃப்ரம், கலவை மெலியாமல் இருக்கக் கார்புரேட்டர் ஜெட்டில் ஒரு படி மாற்றம் — இவ்வளவுதான் சமாச்சாரம். பெட்ரோல் பாதையைத் தாண்டினால், ரேடியேட்டரில் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும். டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர் போட்டால் மழை ராத்திரியில் வைப்பரும் ஹெட்லைட்டும் சேர்ந்து மங்காது. பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷனும் போடலாம்.

எஞ்சினையே மாற்றுவது வேறு கதை. டீசல் விலையைக் கணக்கிட்டு மட்டடோர் வேன் எஞ்சினை அம்பாசிடருக்குள் இறக்கிய காலம் கேரளத்துக்கு உண்டு. இன்றைய ஆசை இசுசு. 1990-களின் தொடக்கத்தில் கம்பெனியே அம்பாசிடருக்கு 1,817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சினையும் ஐந்து கியரையும் கொடுத்தது, குதிரைத்திறன் 75. பழைய எஞ்சின் ஐம்பதைச் சுற்றித்தான். ஆசை நியாயமானதுதான். ஆனால் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருக்கும் பழைய வண்டிக்கு 75 குதிரையைக் கொடுத்துவிட்டு அதை எப்படி நிறுத்துவது என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை. பழைய எஞ்சினையே முறுக்கலாம் என்றால், அதன் கிராங்க் வெறும் மூன்று மெயின் பேரிங்கில் சுற்றுகிறது. விரட்டினால் கோபித்துக்கொள்ளும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இந்தப் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது. எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் எஞ்சின் எண் திருத்தப்பட வேண்டும். மீறினால், அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கே.எல்.43 என்று எண் கொடுக்கும் மட்டாஞ்சேரி அலுவலகத்தில் இந்தப் பேச்சைத் தொடங்கும் முன்பு எஞ்சினின் பில்லும் பழைய வண்டியின் காகிதமும் கையில் இருக்கவேண்டும்.

செலவும் ஏறிக்கொண்டே போகிறது. 15 வருடம் கடந்த தனியார் வண்டிகளுக்கான வரியைக் கேரளம் 2025 பட்ஜெட்டில் 50 சதவீதம் உயர்த்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 10,000 ரூபாய் ஆக்கியது. 50 வருடம் கடந்த வண்டிக்கு 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். அதற்கு வண்டி பழைய வடிவத்திலேயே இருக்கவேண்டும், எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. கண்காட்சி, ராலி போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். மீன் வாங்க தோப்பும்படிக்கு எடுத்துப்போக முடியாது. ஓட்டுவதற்காக எஞ்சினை உயிர்ப்பித்தவருக்கு இந்தப் பெருமையால் என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே இசுசு எஞ்சின்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், கம்பெனியிலேயே அந்த எஞ்சினோடு வந்த அம்பாசிடரைத் தேடி வாங்குவது மலிவு. வாங்கும்போது கையோடு ஒரு ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துப் போங்கள். விற்பவர் பாலிஷ் போட்ட பம்பரைக் காட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள்.